செருப்பு தேயலாம், கால் தேயலாமா?

டிசம்பர் பிறந்தால் போதும், வடக்கே வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்கு ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "நீ அங்கதான இருக்க, பனி விழுற இடத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போயேன்" என்று சித்தப்பா கேட்பார், அத்தை கேட்பார், கல்லூரி நண்பன் குடும்பத்தோடு கேட்பான். தில்லி, நொய்டா, சண்டிகர் என்று எங்கே உட்கார்ந்து ஆணி பிடுங்கிக் கொண்டிருந்தாலும், குளிர்காலத்தில் நாமெல்லாம் பகுதி நேரச் சுற்றுலா வழிகாட்டிகள். குல்மார்க், சோலாங், அடல் சுரங்கம் 2020ல் திறந்த பிறகு அந்தப் பக்கம் சிஸ்ஸு என்று போய் வருகிறோம். போன இடத்தில் எல்லோரும் கை நீட்டிக் காட்டுவது ஒன்றைத்தான். ஸ்னோ ஸ்கூட்டர்.

இந்தப் பதிவு அந்த வண்டியின் அடியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் பற்றியது. சுற்றுலா போகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டை தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டியது வண்டிக்காரர் பொறுப்பு. ஆனால் அது அநியாயத்துக்குத் தேய்வதில், தரையில் பனி இருக்கிறதா என்று பார்க்காமல் "ஒரே ஒரு ரவுண்டு" கேட்கிற நமக்கும் பங்கு உண்டு. இதை யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

முதலில் சமாச்சாரம் என்ன என்று பார்ப்போம். ஸ்னோ ஸ்கூட்டருக்கு முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள், பின்னால் ஒரு அகலமான ரப்பர் ட்ராக். சாதாரண வண்டிகளில் இந்த ட்ராக்கின் மொத்தச் சுற்றளவு 3 முதல் 3.5 மீட்டர் வரை இருக்கும். ட்ராக்கின் வயிற்றுக்குள்ளே உட்கார்ந்திருப்பதுதான் பின்பக்க சஸ்பென்ஷன். அதில் இரண்டு அலுமினிய ரெயில்கள். வண்டியின் எடை, ஓட்டுபவர் எடை, பின்னால் உட்கார்ந்து அலறுகிற நம்முடைய எடை எல்லாவற்றிலும் பெரும்பங்கு இந்த இரண்டு ரெயில்கள் வழியாகத்தான் ட்ராக்குக்கு இறங்குகிறது. ரெயிலோடு சேர்ந்து சில சிறு சக்கரங்களும் உண்டு, ஆனால் முக்கால்வாசி நீளம் ரெயில்தான் தாங்குகிறது.

ட்ராக்கின் உள்பக்கம் வரிசையாக இரும்புக் கிளிப்புகள் பொருத்தியிருப்பார்கள். வண்டி ஓடும்போது இந்தக் கிளிப்புகள் ரெயிலின் அடியில் உரசிக்கொண்டே ஓடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் இரும்பு உரசுகிறது. நேரடியாக அலுமினியத்தில் உரசினால் ரெயில் என்ன கதிக்கு ஆகும்? அதற்காகத்தான் ரெயிலின் அடியில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கோத்திருக்கிறார்கள். ஸ்லைடர் என்பார்கள், ஸ்லைட் ரன்னர் என்பார்கள், ஹைபேக்ஸ் என்றும் சொல்வார்கள். ரெயிலுக்கு அது செருப்பு. செருப்பு தேயலாம், கால் தேயக் கூடாது. இவ்வளவுதான் தத்துவம்.

அந்த பிளாஸ்டிக்கும் லேசுப்பட்டதல்ல. மிக நீளமான மூலக்கூறுகளைக் கொண்ட ஒரு வகை பாலிஎதிலீன். நான் வேலை பார்க்கும் கன்வேயர் துறையில் சங்கிலி ஓடும் பாதைகளுக்கு இதையேதான் போடுகிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அந்த உலோக மூட்டுக்கு நடுவே வைத்திருக்கும் பிளாஸ்டிக் தட்டும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். வழுக்கும், உராய்வைத் தாங்கும், சுலபத்தில் உடையாது. ஒரே ஒரு பலவீனம், சூடு. ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருக ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே இளகிப் போகும்.

அப்படியானால் உரசும்போது உண்டாகிற சூடு எங்கே போகிறது? இங்கேதான் பனி வருகிறது. ட்ராக் சுழலும்போது வாரி இறைக்கிற பனி கிளிப்புக்கும் பட்டைக்கும் நடுவே புகுந்து, உரசலில் உருகி, மெல்லிய தண்ணீர்ப் படலமாக நிற்கிறது. அதுதான் எண்ணெய். அதுதான் ரேடியேட்டரும். வேறு எந்த மசகும் இதற்குக் கிடையாது. திரவக் குளிர்விப்பு உள்ள எஞ்சின்களுக்கும் இதே பனிதான் கதி. சீட்டுக்கு அடியில் உள்ள வெப்பமாற்றியில் ட்ராக் வாரி அடிக்கும் பனி பட்டால்தான் எஞ்சின் குளிரும்.

ஆக, பனி இல்லாத இடத்தில் இந்த வண்டியை ஓட்டுவது எண்ணெய் இல்லாமல் எஞ்சினை ஓட்டுவது மாதிரி. வழவழப்பான ஐஸ் தரையிலும் கிட்டத்தட்ட அதே நிலைமை. கெட்டி ஐஸிலிருந்து தூள் எழும்பாது. அதற்காக ஐஸ் ஸ்கிராச்சர் என்று ஒரு கம்பி கிடைக்கிறது. ரெயிலில் மாட்டித் தொங்கவிட்டால் ஐஸைச் சுரண்டித் தூளாக்கி மேலே எறியும். நல்ல ஏற்பாடு. ஆனால் புல்லும் சேறுமாக இருக்கும் தரையில் அது எதைச் சுரண்டும்? அங்கே இன்னொரு கெடுதலும் சேர்ந்துகொள்ளும். மணல் துகள்கள் இளகிய பிளாஸ்டிக்கில் பதிந்து, உப்புத்தாள் மாதிரி அறுக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது குல்மார்க்குக்கு வருவோம். ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரம். காஷ்மீரிகள் கணக்கில் டிசம்பர் 21ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று பெயர். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தைத் தலைகீழாகப் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பது நாளில் விழுகிற பனிதான் நின்று பேசும் பனி. ஆனால் 2024 ஜனவரியில் அந்த நாற்பது நாளின் பெரும்பகுதி பனியே இல்லாமல் போனது. பழுப்புப் புல்வெளியாகக் கிடந்த குல்மார்க் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாதக் கடைசியில்தான் வானம் கண் திறந்தது. 2025ல் பிப்ரவரி 22ல் குல்மார்க்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன. தேசிய அளவிலான போட்டிக்கே பனி போதவில்லை என்றால், நம் "ஒரே ஒரு ரவுண்டு"க்கு எங்கிருந்து வரும்?

வரவில்லை என்றாலும் வண்டி ஓடுகிறது என்பதுதான் விஷயம். நிழல் பக்கம் கொஞ்சம் பனி, நடுவே பத்தடி மண், மறுபடி கொஞ்சம் பனி என்று திட்டுத்திட்டாகக் கிடக்கும் இடத்தில் வண்டிகள் போய் வருவதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போனால் பிளாஸ்டிக் கருகும் வாசனை. நம்மவர்கள் அதை பெட்ரோல் வாசனை என்று நினைத்துக்கொண்டு செல்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள். :)

பட்டை முழுக்கத் தேய்ந்தால் என்ன ஆகும்? முதலில் கிளிப் அலுமினியத்தைத் தொடும். ரெயிலின் அடிவிளிம்பு வாள் மாதிரி கூர்மையாகத் தேயும். அதற்கப்புறம் புதுப் பட்டை வாங்கினாலும் கோக்க முடியாது, ஏனென்றால் பட்டையைப் பிடித்துக்கொள்ளும் அந்த விளிம்பே போயிருக்கும். ரெயிலையே மாற்ற வேண்டும். கிளிப்புகள் பிய்ந்தால் ட்ராக் நேராக ஓடாது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. சூட்டில் இளகிய பட்டை ரெயிலை விட்டுக் கழன்று ட்ராக்குக்குள் சிக்கினால் ட்ராக் அப்படியே பூட்டிக்கொள்ளும். சமதளத்தில் என்றால் ஒரு குலுக்கலோடு போகும். சரிவில், பின்னால் குழந்தையை உட்கார வைத்திருக்கும்போது நடந்தால்? அதனால்தான் இதை வெறும் ஸ்பேர் பார்ட்ஸ் கதையாக நான் பார்க்கவில்லை.

இனி மாற்றும் வேலை. ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, சைக்கிள் பிரேக் கட்டை மாற்றியவர்களுக்குப் புரியும். மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு, அளவுகளுக்குக் கையேடுதான் வேதம். பொதுவான முறை இதுதான்.

1. முதலில் அளவு. பல பட்டைகளின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு அச்சிட்டிருக்கும். தேய்மானம் எந்த இடத்திலாவது அந்தக் கோட்டைத் தொட்டால் மாற்ற வேண்டியதுதான். கோடு இல்லாவிட்டால் உயரத்தை அளக்க வேண்டும். பல மாடல்களில் வரம்பு 10 மி.மீ. வாக்கில் இருக்கும். பட்டை எல்லா இடத்திலும் ஒன்று போலத் தேயாது. முன்னால் ரெயில் வளைகிற இடத்தில்தான் அதிகம். அதனால் ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது.

2. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் வைத்து, பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, ட்ராக் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். சிலர் வண்டியைப் பக்கவாட்டில் சாய்ப்பார்கள். அப்படியென்றால் பெட்ரோலும் பேட்டரியும் கவனம். இடம் போதாவிட்டால் சஸ்பென்ஷனைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றி மொத்தமாகவே வெளியே எடுத்துவிடுவதும் உண்டு.

3. ரெயிலின் முன்முனையில் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டை எடுக்க வேண்டும். இது துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கும், பொறுமை வேண்டும்.

4. ட்ராக்கில் ஜன்னல் மாதிரி துவாரங்கள் உண்டு. ட்ராக்கைக் கையால் சுற்றி, ஜன்னல் ரெயிலுக்கு நேராக வரும்படி வைத்து, முன்பக்கமிருந்து மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினால் பழைய பட்டை பின்னோக்கி நகரும். ஜன்னல் வழியாக உருவி எடுக்கலாம். உருகி ஒட்டியிருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும்.

5. அவசரப்படாமல் ரெயிலைப் பார்க்க வேண்டிய நேரம் இது. வளைவு, பிசிறு, விரிசல் இருக்கிறதா? பிசிறை அரத்தால் தேய்த்து விட வேண்டும். சிறு சக்கரங்களைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சக்கரம் பிடித்துக்கொண்டாலோ காணாமல் போயிருந்தாலோ அந்தச் சுமையும் பட்டை தலையில்தான் விழும்.

6. புதுப் பட்டையின் உள்பள்ளத்தில் சோப்புத் தண்ணீரோ சிலிகான் ஸ்பிரேயோ பூசிப் பின்பக்கமிருந்து முன்னோக்கித் தள்ள வேண்டும். முன் போல்ட்டை மறக்காமல் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. செருப்பு மாதிரியேதான், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

7. கடைசியாக ட்ராக் இறுக்கமும் நேர்மையும். கையேட்டில் சொன்ன எடையைத் தொங்கவிட்டு, சொன்ன அளவு தொய்வு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதிகமாக இறுக்கினால் புதுப் பட்டையும் சீக்கிரம் போய்விடும். பிறகு ஸ்டாண்டில் வைத்தபடி மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் கிளிப்புக்கும் ரெயிலுக்கும் இடைவெளி சமமா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ட்ராக் கல்லை எறிந்தால் தோட்டா மாதிரி வரும்.

இதில் எட்டாவது ஒன்றும் உண்டு. புதுப் பட்டைக்குப் பழகும் காலம் வேண்டும். முதல் ஓட்டங்கள் நல்ல ஆழமான பனியில், நிதானமான வேகத்தில் இருக்க வேண்டும். புதிதாக மாற்றிய அன்றே மண் தெரியும் இடத்தில் ஓட்டினால் போட்ட காசு தண்டம்.

இவ்வளவுதான் வேலை. கைப்பழக்கம் உள்ளவருக்கு அரை நாள்கூட ஆகாது. ஒரு ஜோடி பட்டையின் விலை, ரெயிலின் விலையோடும் ட்ராக்கின் விலையோடும் ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பிறகு ஏன் மாற்றுவதில்லை? "இந்த சீசன் ஓடட்டும், அடுத்த சீசன் பார்க்கலாம்" என்கிற மனசுதான் காரணம். இது காஷ்மீருக்கு மட்டும் உரிய வியாதி அல்ல. நான் வேலை பார்த்த தொழிற்சாலைகளில் எல்லாம் பார்த்திருக்கிறேன். தேயட்டும் என்றே வைத்த பாகத்துக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் மேலே இருப்பவர்களுக்கு மனசு வராது. "போன வருஷம்தானே மாத்தினீங்க?" என்பார்கள். அது தேய்ந்தது என்றால் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். தேய்மானத்தைக் குறையாகப் பார்க்கிறவர் கடைசியில் தேயக் கூடாததற்குச் செலவு செய்வார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டைகளும் பாகங்களும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புகள். இந்த வண்டியின் பிறந்த வீடு கனடாவும் அமெரிக்காவும். கியூபெக்கின் வால்கூர் ஊரில் 1959ல் பொம்பார்டியர் வெளியிட்ட ஸ்கி-டூதான் இந்த வண்டிகளைப் பரவலாக்கியது. யமஹா 2025 மாடலோடு இந்தத் தொழிலை விட்டே விலகிவிட்டது. பழைய யமஹா வைத்திருப்பவர் இனி பாகம் தேடுவது சுலபமாக இருக்கப் போவதில்லை. மூன்று மாத சீசனில் வருஷச் சம்பாத்தியத்தை எடுக்க வேண்டிய ஒருவர், பனியும் ஏமாற்றி, பாகமும் கிடைக்காமல் இருக்கும்போது, வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்புவாரா? அவர் இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன்.

அதனால்தான் பொறுப்பில் பாதியை நம் பக்கம் நகர்த்துகிறேன். அவரால் "வேண்டாம்" என்று சொல்வது கஷ்டம். நம்மால் சுலபம். ஒரு முறை என்னோடு வந்த சித்தப்பா, "இவ்வளவு தூரம் வந்தாச்சு தம்பி, காசு குடுக்கிறோம், ஒரு ரவுண்டு போனா என்ன கெட்டுப் போகும்?" என்றார். நான் வண்டியின் அடியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கப் பட்டை விளிம்பு வரை தேய்ந்திருந்தது. அவர் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். பார்த்ததும் நிமிர்ந்து, "இதுல யாருடா ஏறுவா?" என்று கேட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். எல்லாருக்கும் விளங்கும், யாராவது குனிந்து காட்ட வேண்டும்.

வண்டியில் ஏறும் முன் நாம் செய்யக்கூடியவை எளிமையானவைதான். முதலில் தரையைப் பாருங்கள். போகும் பாதையில் புல்லோ மண்ணோ கல்லோ தெரிந்தால் ஏறாதீர்கள். திரும்பி வந்த வண்டியின் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், கருகும் வாடை அடித்தால் வேண்டாம். ட்ராக்கின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ரெயிலுக்கும் கிளிப்புக்கும் நடுவே பட்டை நன்றாகத் தெரிய வேண்டும். அலுமினியம் பளபளவென்று தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். இரண்டு பேருக்கான வண்டியில் குழந்தையை நடுவில் செருகி நாலு பேராகப் போகாதீர்கள். அதிகப்படியான ஒவ்வொரு கிலோவும் அந்தப் பட்டையைத்தான் அழுத்துகிறது. பட்டை எப்போது மாற்றினீர்கள் என்று தெரிந்த இந்தியில் கேளுங்கள். ஒழுங்காகப் பராமரிப்பவர் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார்.

"அப்ப அவங்க பொழப்பு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வண்டியில் ஏறவில்லை என்பதற்காகக் காசு கொடுக்கக் கூடாது என்று சட்டமா? பனி குறைந்த நாளில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு நடங்கள். அங்கேயே சாப்பிடுங்கள், அங்கேயே தங்குங்கள். பனி நன்றாக இருக்கும் நாளில் வண்டியில் ஏறி, பேரம் பேசிப் பேசி அடிமாட்டு விலைக்கு இறக்காமல் நியாயமான கூலியைக் கொடுங்கள். நாம் அடித்துக் குறைக்கிற ஐந்நூறு ரூபாய் வண்டிக்காரரின் வீட்டுச் செலவில் குறையாது. பட்டை மாற்றுவதில்தான் குறையும்.

பனி வருஷா வருஷம் இஷ்டத்துக்கு வருகிற காலம் இது. அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் பனி இல்லாத இடத்தில் பனி வண்டி ஓட வேண்டும் என்று அடம் பிடிப்பதை நிறுத்தலாம். இந்தக் குளிருக்கு உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தால், டிக்கெட் போடும்போதே சொல்லி வையுங்கள்: பனி இருந்தால் ஸ்கூட்டர், இல்லாவிட்டால் கஹ்வா. குங்குமப்பூ போட்ட அந்தச் சூடான தேநீரைக் குடித்தால் அப்படி ஒன்றும் ஏமாற்றம் தெரியாது.

டிஸ்கி: எனக்கு எந்த வண்டிக் கம்பெனியோடும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. தேய்ந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தால் குனிந்து அளந்து பார்ப்பது தொழில் கோளாறு, அவ்வளவுதான்.